பூஜ்யம் தொலைக்கும் கிரைண்டர்: நான்கு வருட அனுபவம்

நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: "உங்ககிட்ட இருக்கிற அதே காபி கிரைண்டர் இப்போ விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடலாமா?" பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது அதன்மேல் கோபமாக இருக்கிறேன். போன வாரம்தான் பழுது பார்த்து வந்தது. பழுது சரியாகி வந்த அன்றைக்கே காபி கெட்டுப்போனது.

கையால் சுற்றும் வகை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகுப் பற்கள். நான்கு வருடமாகக் காலையும் மாலையும் 18 கிராம் கொட்டையை அரைத்திருக்கிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். இதற்கு முன் என்னிடம் இருந்தது பிளேடு சுழலும் மின்சார மெஷின். அது அரைப்பதில்லை, வெட்டித் தள்ளுகிறது. ஒரு கொட்டை நாலு தடவை வெட்டுப்படும், பக்கத்தில் இருப்பது தப்பிவிடும். தூளைக் கையில் எடுத்தால் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். மாவிலிருந்து கசப்பு முதலில் இறங்கிவிடும், குருணையிலிருந்து புளிப்பைத் தாண்டி எதுவும் வராது. ஒரே கோப்பையில் இரண்டும். தண்ணீரை மாற்றினேன், கொட்டையை மாற்றினேன், சூட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கிரைண்டர் வந்த முதல் நாள், அதே கொட்டை, அதே தண்ணீர், ஆனால் வேறு காபி. வீட்டில் நல்ல காபிக்காக ஒரே ஒரு பொருளில் பணம் போடலாம் என்றால் அது கிரைண்டர்தான் என்று அன்றைக்கு நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

தூளின் பருமனை மாற்ற, பற்களுக்கு அடியில் ஒரு நட் இருக்கிறது. திருப்பினால் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் வரும். நட்டில் எண் கிடையாது, கோடு கிடையாது. பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்வரை இறுக்க வேண்டும், அதுதான் பூஜ்யம். அங்கிருந்து எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும். மேலிருந்து வெந்நீர் ஊற்றி காபி வடிக்கும் என் டிரிப்பருக்கு 22 கிளிக். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் அந்த நட்டை முழுசாகக் கழற்றியாக வேண்டும், எண்ணிக்கை போய்விடும். மறுபடி இறுக்கு, மறுபடி எண்ணு. இன்னும் எரிச்சல் என்னவென்றால், பூஜ்யமே ஒரு இடத்தில் நிற்பதில்லை. விரல் நுனியால் மெதுவாக இறுக்கினால் ஒரு பூஜ்யம், கொஞ்சம் அழுத்தி இறுக்கினால் அதற்கு இரண்டு கிளிக் தள்ளி இன்னொரு பூஜ்யம். இரண்டு கிளிக் என்பது சின்ன விஷயமில்லை, நாக்குக்குத் தெரியும். நகப்பூச்சு வாங்கி நட்டிலும் தண்டிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்தேன். மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கோடு நேராக இருந்தும் தூள் பருமனாக விழ ஆரம்பித்தது.

காரணம் பழுது பார்த்தபோதுதான் தெரிந்தது. தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் தேய்ந்து, உள்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த பல் ஓரத்தில் முன்கூட்டியே உரசிவிடும். அதை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். உண்மையில் மறுபக்கம் இடைவெளி அப்படியே இருந்திருக்கிறது. புது பேரிங் போட்டதும் பல் நேராகிவிட்டது, பூஜ்யம் உள்ளே தள்ளிப் போய்விட்டது. நான் பழக்கத்தில் அதே 22 வைத்தேன். தூள் மாவுபோல விழுந்தது. வழக்கமாக மூன்று நிமிடத்தில் இறங்கும் 290 கிராம் தண்ணீர், ஐந்து நிமிடம் ஆகியும் டிரிப்பரிலேயே குளம் கட்டி நின்றது. குடித்தால் நாக்கு வறண்டது. நாலு நாள், எட்டுக் கோப்பை கழித்து 25-இல் வந்து நின்றேன். பழுது பார்த்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே எண் போட்ட வளையம் ஒன்றை வைத்திருந்தால் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த எட்டுக் கோப்பையில் ஒன்று உருப்படியாகச் செய்தேன்: கிளிக்கைத் தவிர எதையும் தொடவில்லை. கொட்டை 18 கிராம், தண்ணீர் 93 டிகிரி, முதலில் கொஞ்சம் ஊற்றி 40 விநாடி பொங்கவிட்டு மீதியை ஊற்றுவது, எல்லாம் அப்படியே. புளித்து நீர்த்திருந்தால் ஒரு கிளிக் உள்ளே. கசந்து நாக்கை இழுத்தால் ஒரு கிளிக் வெளியே. இரண்டை ஒன்றாக மாற்றியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது இதுதான். ஆரம்பத்தில் அரைத்த தூள் முழுக்கக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் மேஜையெல்லாம் பறக்கும், கொட்டைத் தோலின் தவிடு கையில் ஏறும். உராய்வில் உண்டாகும் மின்னூட்டம்தான் காரணம். வழி ரொம்ப எளிது: ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்து, அரைக்கும் முன் கொட்டைகளை அதால் ஒரு கிண்டு கிண்டினால் போதும். தூள் மொத்தமும் மணல்போலச் சரிந்து விழும். 2023-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்பவர்களோடு சேர்ந்து இதை அளந்தே பார்த்தார்கள். கருக வறுத்த, ஈரம் குறைந்த கொட்டையில் ஒட்டல் அதிகம், சில துளித் தண்ணீர் சேர்த்தால் அடங்கிவிடுகிறது. அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கு மெல்லிசாக அரைக்கும்போது இப்படித் தண்ணீர் சேர்த்தால் காபியே திடமாக இறங்குகிறது என்றும் கண்டார்கள். ஒரு ஸ்பூன் காம்பு ஈரம்! முதல் முறை கிண்ணத்தைக் கவிழ்த்தபோது ஒரு துகள்கூடச் சுவரில் இல்லை, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் சொன்னேன். எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்து, பருமன் அமைப்பு வெளியே வளையமாக, எண்களோடு இருக்கிற கிரைண்டரைப் பாருங்கள், வாங்கும்முன் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள் என்றேன். "அப்போ உங்களுதை என்ன பண்ணப் போறீங்க?" என்றார். நாளைக் காலை 25 கிளிக் வைத்து 18 கிராம் அரைப்பேன். நேற்று மாலை அதில் வந்த காபி, இந்த நான்கு வருடத்தில் நான் குடித்ததிலேயே நன்றாக இருந்தது.