ஸ்பெயின் ஆங்கில முகாமில் தன்னார்வலராகப் போகலாமா?

சம்பளம் கிடையாது. ஒரு வாரத்துக்குத் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, மட்ரிட்டிலிருந்து போய்வரப் பேருந்து, இவ்வளவும் கொடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு, ஆங்கிலம் பழக வந்திருக்கும் ஸ்பெயின்காரர்களோடு காலையிலிருந்து ராத்திரி வரை நீங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து தங்கியிருக்கும் நம்மவர்கள் பலர் இதை இலவச விடுமுறை என்று நினைத்து விண்ணப்பிக்கிறார்கள். அப்படி நினைத்துப் போகிறவர் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவார். பிறர் தட்டுத்தடுமாறிப் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கப் பிடித்தவருக்கு இதைவிட நல்ல வாரம் அமைவது கடினம்.

இந்த வகை முகாமுக்கு ஸ்பெயினில் முன்னோடி 'புவெப்லோ இங்க்லெஸ்', அதாவது ஆங்கிலக் கிராமம். ஆட்கள் விட்டுப்போன வால்தெலாவியா என்ற சோரியா மாகாணத்து ஊரைப் புதுப்பித்து 2001இல் தொடங்கினார்கள். பின்னர் சலமான்கா மாகாணத்து மலையூரான லா ஆல்பெர்காவும் அதன் முக்கியக் களமானது. கருங்கல் அடித்தளமும் மரச்சட்டமுமாக வீடுகள் தெருவை நோக்கிச் சாய்ந்து நிற்கும் பழைய ஊர். ஊர்ப் பொதுப் பன்றி ஒன்றை ஜூன் 13 அன்று ஆசீர்வதித்துத் தெருவில் விடுவார்கள். ஊரே தீனி போட்டு வளர்க்கும். ஜனவரி 17, புனித வனத்து அந்தோணியார் நாளில் குலுக்கலில் கொடுத்துவிடுவார்கள். நடந்துகொண்டே பேசும் அமர்வில் பேச்சு வற்றினால் அந்தப் பன்றி எதிரே வந்தாலே போதும், அரை மணி நேரம் ஓடிவிடும்.

தினசரி ஒழுங்கு ஏறக்குறைய இப்படி. 9 மணிக்குக் காலைச் சிற்றுண்டி. 10 முதல் 2 வரை வரிசையாக நேருக்கு நேர் அமர்வுகள்: ஒரு ஸ்பெயின்காரர், ஒரு தன்னார்வலர், 50 நிமிடம், மணி அடித்ததும் ஆள் மாறும். 2 மணிக்கு மதியச் சாப்பாடு, பிறகு சியஸ்தா என்ற மதிய ஓய்வு. 5 மணிக்குக் குழு விளையாட்டோ விவாதமோ, அதன்பின் மறுபடி அமர்வுகள், 8 மணி வாக்கில் குறுநாடகம் அல்லது ஒருவர் மேடையேறிப் பேசுவது, 9 மணிக்கு இரவுச் சாப்பாடு. சாப்பாட்டு மேசையும் வகுப்புதான்: இரண்டு ஸ்பெயின்காரர், இரண்டு தன்னார்வலர் என்று கலந்துதான் உட்கார வைப்பார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பேச்சு. மூன்றாம் நாள் தொண்டை கட்டுவது இதனால்தான். தண்ணீர் பாட்டிலும் அதிமதுரமும் கையில் இருக்கட்டும். சியஸ்தா நேரத்தில் ஊர் சுற்றாமல் வாயை மூடிப் படுத்துவிடுங்கள்.

மிகவும் பயன் தருவது தொலைபேசி அமர்வு. இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரு சூழ்நிலையை வைத்துப் பேச வேண்டும்: பெட்டி தொலைந்த புகார், விலை பேரம், சந்திப்பு நேரத்தை மாற்றுவது. முகமும் கையும் தெரியாதபோது எதிராளியின் ஆங்கிலம் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது நம் ஆட்கள் செய்யும் தவறு, மௌனத்தை உடனே நிரப்பிவிடுவது. மனசுக்குள் பத்து எண்ணுங்கள். சொல்லைத் தேடி அவரே எடுக்கட்டும். பிழை கேட்டவுடன் இடைமறிக்கவும் வேண்டாம். மூன்று பிழைகளை மட்டும் குறித்துவைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் அவை மனதில் நிற்கும்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 'ஸ்கூல்' அவர்கள் வாயில் 'எஸ்கூல்' ஆகும். நம் ஊர்ப் பெரியவர்கள் 'இஸ்கூல்' என்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: இரண்டு மொழியிலும் சொல் 'ஸ்க்' என்று தொடங்காது, முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து தாங்க வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கு வெட்கம் போய்விடும். வயதைச் சொல்லும்போது 'ஐ ஹாவ் ஃபார்ட்டி இயர்ஸ்' என்பார்கள். ஸ்பானிஷில் வயது 'இருக்கிறது', நம்மிடம் 'எனக்கு நாற்பது வயது' என்பதுபோல. 'ஆக்சுவலி' என்றால் அவர்கள் மனதில் 'தற்போது'. 'கான்ஸ்டிபேட்டட்' என்று ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். ஸ்பானிஷ் சொல் அப்படி.

நம் உச்சரிப்பு பற்றித் தயங்க வேண்டாம். வருகிறவர்களில் பலர் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். இந்தியாவிலிருந்து வரும் அழைப்புகள் பலருக்கு அன்றாடம். வேகம்தான் பிரச்சினை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசாமல், சொற்றொடருக்குச் சொற்றொடர் நிறுத்தம் விட்டால் போதும். 'எந்த ஊர், என்ன வேலை' என்ற கேள்வி எல்லோரிடமிருந்தும் வரும் என்பதால் குடும்பப் படங்கள் பத்து அச்செடுத்துப் போங்கள். திருமணப் படமோ பொங்கல் கோலமோ இருந்தால் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

சாப்பாடு சைவர்களுக்குச் சோதனைதான். சுற்றுவட்டாரமே ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்குப் பேர்போனது. 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. பலருக்கு அந்தச் சொல் இறைச்சித் துண்டைத்தான் குறிக்கும், ஹமோன் தூவல் அதில் சேராது. பருப்புக் குழம்பில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும், பீன்ஸில் ஹமோன் பொடிசாகக் கலந்திருக்கும், சல்மோரெஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பின் மேலும் அது தூவியிருக்கும். 'நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீன் விட்டுப்போனால் டூனா வரும். முட்டை சாப்பிடுவோருக்கு தொர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் கைகொடுக்கும். முட்டையும் ஆகாதென்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பருப்புப் பொடி ஒரு டப்பா பையில் இருப்பது நல்லது.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டு வசிப்பு அனுமதி வைத்திருப்போர் 180 நாளில் 90 நாள் வரை ஸ்பெயினில் இருக்கலாம். தனி விசா வேண்டாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கும் குறுகிய காலத்துக்கு விசா கேட்பதில்லை. பிரிட்டனில் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் முகாமின் அழைப்புக் கடிதமும் இணைத்து, நோக்கத்தை உள்ளபடியே எழுதுங்கள். மாணவர் அனுமதியில் இருப்பவர்கள் உணவுக்கும் உறையுளுக்கும் ஈடாகச் செய்யும் பணி தங்கள் நிபந்தனைக்குள் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுவர் முகாம்களுக்கு இன்னொரு படி உண்டு. 18 வயதுக்குட்பட்டோருடன் பழகும் தன்னார்வலர், பாலியல் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழ் தர வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். வெளிநாட்டவர் தம் நாட்டுக் காவல்துறைச் சான்றிதழையும் காட்ட வேண்டியிருக்கும். இந்தியர்கள் தூதரகம் வழியாக அதைப் பெற வாரக்கணக்கில் ஆகலாம். ஜூலை முகாமுக்கு மார்ச்சிலேயே தொடங்குங்கள்.

கைக்காசு எதற்குப் போகும்? விமானம், மட்ரிட்டில் முதல் நாள் இரவு அறை (பேருந்து காலையில் கிளம்பும்), மதுக்கூடக் கணக்கு. தன்னார்வலரிடமே கட்டணம் அல்லது முன்பணம் கேட்கும் முகாம்களும் இருக்கின்றன. திருப்பித் தரும் நிபந்தனையைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். கல்பாவிய தெருவில் மணிக்கணக்காக நடக்கவேண்டி வரும், அதனால் பழகிய காலணி அவசியம். லா ஆல்பெர்கா ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே இருப்பதால் கோடையிலும் ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர். திரும்பும் பேருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி மட்ரிட் சேரும், வழியில் நெரிசல் இருந்தால் இன்னும் தாமதமாகும். அன்றைக்கே விமானம் போடாதீர்கள்.