வீட்டு வண்டியில் நான்கு ஆண்டுகள்: கொறங்காட்டு ஓரத்தில் இடம் பார்த்த அனுபவம்

பழைய பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டிலும் சமையல் மேடையும் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, அந்த மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஈரோட்டிலிருந்து கிளம்பி, மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளை நானும் மனைவியும் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து மேட்டுக்காடுகளில், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களின் ஓரமாகக் கழிக்கிறோம். வண்டி பெரிதாகத் தொல்லை தரவில்லை. அதை எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

மலைமறைவு நாடான இங்கே மழை குறைவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்று, வைகாசிக் கடைசி தொடங்கி ஆவணி வரை ஓயாது. மூலனூர் அருகே முதல் ஆடியில், விவரம் தெரியாமல், வண்டியின் முகத்தை வடக்கே வைத்து நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு நேராக மேற்கைப் பார்த்தது. இரவு எட்டு மணிக்குள் தார்ப்பாய்ப் பந்தலின் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. குக்கரைத் திறந்ததும் வெள்ளைச் சோற்றின்மேல் செம்மண் படிந்தது. விடிந்ததும் மாடு பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "ஏனுங் தம்பி, காத்துக்கு மொகத்தக் குடுத்து நிறுத்தோணுமுங்க. இல்லீனா வேலிக்குக் கெழக்கால ஒதுங்கிக்கோணும்" என்றார்.

அவர் காட்டிய கிளுவை வேலி, இலை உதிர்ந்த நாளிலும் முள்ளும் கிளையும் நெருங்கிப் பின்னியிருப்பதால், காற்றை நன்றாகவே தடுக்கிறது. அன்றிலிருந்து வேலிக்கோ வெள்வேல மரத்துக்கோ கிழக்கே இடம் தேடுகிறேன். கோடையிலும் இதுவே பொருத்தமாக இருப்பதைப் பிறகுதான் கண்டேன்: காலை வெயில் கூரையிலுள்ள 200 வாட் சூரியத் தகட்டின்மேல் தடையின்றி விழுகிறது, பிற்பகலில் மரநிழல் வண்டியை மூடிக்கொள்கிறது. ஆனால் வெள்வேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும் என்பதால், வண்டியை இறக்குவதற்கு முன் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தபடி ஒருமுறை நடந்துவிட வேண்டும்.

கொறங்காடு என்பது புறம்போக்கு அன்று. கொழுக்கட்டைப் புல்லைக் காத்து மாடு மேய்ப்பதற்காக ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலம். ஆகவே மாலை நான்கு மணிக்கே போய் உரியவரைக் கேட்டுவிடுவேன். அனுமதி மறுக்கப்பட்டால் வேறிடம் பார்க்கவும் வெளிச்சம் மிச்சமிருக்கும். உள்ளே நுழைந்தவுடன், வேலி வாசலை அடைக்கும் தட்டியான படலைப் பழையபடி கட்டிவிட வேண்டும். அடுத்த முறை அதே காட்டில் நம்மை அனுமதிப்பது அதைப் பொறுத்துத்தான்.

பவானிசாகர், திம்பம் பக்கம் பகலில் மட்டுமே போகிறோம். அது புலிகள் காப்பகம். அணையின் நீர்ப்பரப்பு ஓரங்களுக்கு யானைகள் இறங்குகின்றன, மலைச்சாலையிலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

எனக்குள்ள ஒரே குறை தண்ணீர்த் தொட்டிதான். மார்கழியில் இரண்டு நாள் தாங்குவது, சித்திரையில் ஒன்றரை நாளிலேயே காலியாகிவிடுகிறது. நிரப்பக் கிடைப்பதும் உப்பேறிய போர்வெல் தண்ணீர். அதனால் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்வதை மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தெடுக்கிறோம். அடுத்த கோடைக்குள் 150 லிட்டர் தொட்டியாக மாற்றவிருக்கிறேன்.