மாஸ்டர் முதலில் தொட்டுவிட்டால்…

எங்கள் சனசமூக நிலையத்தின் கூரையை மாற்றுவதா, பிள்ளைகளுக்குக் கணினி வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. காசில் பாதி லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறது. இங்கே இலங்கையில் இரவு எட்டரை என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை பதினொரு மணி. எல்லாரையும் ஒரு வாங்கில் இருத்திக் கதைக்க முடியாததால் கருவி தேட வேண்டி வந்தது.

முதலில் வாட்ஸ்அப். 2022இல் வந்த அதன் வாக்கெடுப்பு வசதியைப் பெரியவர்களும் ஒரு தட்டலில் பயன்படுத்திவிடுகிறார்கள். ஆனால் நாங்கள் நடத்தியபோது யார் எதற்குப் போட்டார் என்பது பெயரோடு தெரிந்தது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் மாஸ்டர், முதல் ஆளாகக் கூரையைத் தொட்டார். அவருக்குக் கீழே பெயர்கள் வரிசையாக ஏறின. மறுநாள் வேலியடியில் ஒரு தம்பி சொன்னான்: "எனக்குக் கணினிதான் விருப்பம் அண்ணை. மாஸ்டர் போட்டாப் பிறகு நான் என்னெண்டு மாத்திப் போடுறது?" மாஸ்டர் யாரையும் வற்புறுத்தவில்லை. மாமனுக்கு முன்னால் மருமகன் மாற்றிக் கை தூக்காத ஊரில் பெயர் தெரிந்தாலே போதும்.

டெலிகிராமில் பெயரை மறைத்து நடத்தலாம். இன்னொரு நல்ல விஷயம், நாம் வாக்களித்த பிறகுதான் மற்றவர்களின் விழுக்காடு தெரியும். காற்றடிக்கும் பக்கம் பார்த்துச் சாய வழியில்லை. சரி, குறை? பெயரில்லாத வாக்குக்குப் பொறுப்பும் இல்லை. கூரைக்கு வாக்களித்தவர்கள் யாரென்று தெரியாவிட்டால் சிரமதானத்துக்கு யாரைக் கூப்பிடுவது? எங்கள் பக்கத்தில் "ஓம்" என்பது விருப்பம் மட்டுமில்லை, வந்து நிற்பேன் என்ற வாக்கும்தான்.

மூன்றாவது லூமியோ, குழுவாகக் கதைத்து முடிவெடுப்பதற்கான இணையக் கருவி. நியூசிலாந்தில் உருவானது; பொது இடங்களில் கூடாரமடித்து நடந்த 'ஒக்குப்பை' (Occupy) போராட்டக் கூட்டங்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. ஒரு முன்மொழிவை வைத்தால் சம்மதம், விலகி நிற்றல், மறுப்பு, தடுத்தல் என்று நான்கு வழிகள். காரணமும் எழுதலாம், முடிவுநாள் வரை மனதை மாற்றவும் செய்யலாம். எண்ணிக்கையைவிட இணக்கத்தைத் தேடும் இந்த முறை நம் கூட்டங்களுக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுகிறது. "எனக்குச் சம்மதமில்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன்" என்று சொல்ல மற்ற இரண்டிலும் இடமில்லையே! ஆனாலும் மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத அம்மாமாரை அதற்குள் கொண்டுவருவது பெரும் பாடு.

என் தெரிவு டெலிகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்ததுதான், இந்த ஒழுங்கில். முதலில் பெயர் மறைத்து மனதை அறிய வேண்டும். டெலிகிராம் இல்லாதவர்களிடம் மடித்த துண்டுச்சீட்டு வாங்கலாம். அப்புறம் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் முன்னிலையில் கூடிக் கதைக்க வேண்டும். கடைசியில் "யார் யார் வேலைக்கு வருவீர்கள்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். அந்த இடத்தில் பெயர் தெரியத்தான் வேண்டும், மாஸ்டர் முதல் ஆளாகத் தொடத்தான் வேண்டும்.