இரண்டு இஞ்ச் ஓட்டையில் ஒன்றேகால் இஞ்ச் ரேக்: உப்புக்காற்றில் இரண்டு வருடம்

மச்சான் துபாயில் தன் காருக்குப் பின்னால் மாட்டி ஓட்டிய சைக்கிள் ரேக்கைக் கார்கோவில் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கு எதற்கு இது என்று கேட்பதற்குள் பெட்டி உச்சிப்புளிக்கு வந்து இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ரேக்கின் சதுரக் குழாய் ஒன்றேகால் இஞ்ச், அதாவது 32 மில்லிமீட்டர். என் பிக்கப்பின் பின்னடியில் இருக்கும் டோ ஹிட்ச்சின் (டிரெய்லர் இழுக்கவும் ரேக் மாட்டவும் உதவும் சதுரக் குழாய்) ஓட்டை இரண்டு இஞ்ச், 51 மில்லிமீட்டர். உள்ளே விட்டால் உரலுக்குள் கரண்டியை விட்ட மாதிரி ஆடியது.

பின்னால்தான் தொட்டி இருக்கிறதே, அதில் சைக்கிளைப் படுக்கப்போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். என் தொட்டியில் வாரம் முழுக்க ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் போகும். ஞாயிற்றுக்கிழமைக்காக அதைக் கழுவிக் காயவைத்து, சைக்கிளைச் சாய்த்துக் கட்டி... இரண்டாவது வாரமே மகளின் சைக்கிளில் கியர் மாற்றும் கை வளைந்துவிட்டது. அப்புறம்தான் ஆன்லைனில் 2,800 ரூபாய் கொடுத்து ஓர் அடாப்டர் வாங்கினேன்.

பெரிய விஷயம் எதுவும் இல்லை அதில். வெளிப்பக்கம் இரண்டு இஞ்ச், உட்பக்கம் ஒன்றேகால் இஞ்ச் உள்ள ஓர் இரும்பு உறை. வண்டியோடு இணைக்க 16 மில்லிமீட்டர் பின், ரேக்கோடு இணைக்க அரை இஞ்ச் பின். மாட்ட ஐந்து நிமிடம். முதல் நாள் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பாம்பன் சாலைப் பாலம் வரைக்கும்தான். 1988-இல் திறந்த பாலம், நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது பின்னால் 'டக்', 'டக்'. காரணம் எளிதுதான். ஹிட்ச்சுக்கும் அடாப்டருக்கும் நடுவே ஓர் இடைவெளி, அடாப்டருக்கும் ரேக்குக்கும் நடுவே இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் அது மூன்றடி தள்ளி நிற்கும் சைக்கிளுக்குப் போய்ச் சேரும்போது விரற்கடை அளவுக்கு ஆட்டமாகிவிடுகிறது. ஆடி மாதத்துத் தென்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் இரண்டு சைக்கிளும் சாமி வந்த மாதிரி ஆடின. ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்தில் திடீர் திடீரென்று நிறுத்தும் சுற்றுலாக் கார்களுக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கியது.

இதற்கு மருந்து யூ போல்ட் மாதிரி ஒரு இறுக்கி. ஹிட்ச்சையும் அடாப்டரையும் சேர்த்துப் பிடித்து நெருக்கிவிடும். உள்ளே இருக்கும் இரண்டாவது இணைப்புக்கு ராமநாதபுரம் லேத் பட்டறையில் ஒரு மில்லிமீட்டர் தகடு வெட்டி இரண்டு பக்கம் சொருகினேன். ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு, சைக்கிளிலிருந்து தொட்டியின் கொக்கிக்கு ஒரு பெல்ட். பாலத்தில் இப்போது சத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன், பாட்டுப் போட்டால் கேட்காது.

ஆட்டத்தை விடப் பெரிய எதிரி உப்பு. நம் ஊரில் இரும்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் என்ன, வீட்டு கேட் மூன்று தடவை மாறியாயிற்று. ஆனாலும் சோம்பேறித்தனத்தில் அடாப்டரை நான்கு மாதம் கழற்றாமல் வண்டியிலேயே விட்டுவிட்டேன். கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கழற்றப் போனபோது பின் மட்டும் வந்தது, உறை அசையவில்லை. துரு இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மண்டபத்தில் படகு எஞ்சின் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். சூடுகாட்டிச் சுத்தியலால் தட்டி எடுத்துக் கொடுத்தார். நான் பெருமையாக ஸ்டெயின்லெஸ் பின் வாங்கி வைத்திருந்ததைக் காட்டியபோது சிரித்தார். "தம்பி, எஸ்எஸ் பின்னு அப்படியேதான் இருக்கும். சுத்தி இருக்க இரும்பத்தான் தின்னுரும்." உப்பு ஈரம் நடுவே இருந்தால் இரண்டு உலோகத்தில் மட்டமானது முதலில் அரிக்கும் என்பதைத்தான் அவர் மொழியில் சொன்னார். 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கே ஸ்டெயின்லெஸ் போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி ஏது.

கிரீஸ் பூசுங்கள் என்று பலர் சொல்வார்கள். நானும் பூசினேன். தனுஷ்கோடி சாலையில் பறக்கும் மணல் அதில் ஒட்டி, உப்புத்தாள் தேய்த்த மாதிரி அடாப்டரைத் தேய்த்துவிட்டது. இடைவெளி இன்னும் கூடியதுதான் மிச்சம். இப்போது சைக்கிள் செயினுக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே மட்டும்தான். அப்புறம், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவித் துடைத்து வீட்டுக்குள் வைக்கிறேன். கழுவுவதிலும் ஒரு சிக்கல். எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு. அதனால் காவிரித் தண்ணீரில் ஒரு வாளி அடாப்டருக்கு. குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்றுகிறீர்களே என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரும் ஏமாறும் இடம் இது. இரண்டு இஞ்ச் ஹிட்ச்சில் மாட்டியதால் ஒன்றேகால் இஞ்ச் ரேக்குக்குப் பலம் கூடிவிடாது. ரேக்கில் எழுதியிருப்பதுதான் கணக்கு, அடாப்டர் அதைப் பின்னால் தள்ளுவதால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. நான் இரண்டு சைக்கிளுக்கு மேல் ஏற்றியதில்லை. சின்ன ஓட்டையில் பெரிய ரேக்கை மாட்ட அடாப்டர் தேடுகிறவர்கள் தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பின்னால் தள்ளி நிற்பதில் ஒரு லாபமும் உண்டு. தொட்டியின் கதவு ரேக்கில் இடிக்காமல் பாதிக்கு மேல் திறக்கிறது. நஷ்டம், ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தும். நம்பர் பிளேட் விஷயத்தில் ஒரு சோதனையில் நிறுத்தி, சக்கரம் எண்ணை மறைக்கிறது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ரேக்கின் தாங்கியை ஒரு துளை மேலே ஏற்றினேன், இப்போது எண் தெரிகிறது. காலி ரேக்கோடு ஓட்டுவதே இல்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், முகுந்தராயர் சத்திரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், விடியற்காலையில், வேன்கள் வருவதற்கு முன்னால். ஒரு பக்கம் ஆண் கடல், இன்னொரு பக்கம் பெண் கடல். திரும்பும்போது எதிர்க்காற்று என்றால் மகள் எனக்கு முன்னால் போய்விடுவாள்.

அடாப்டரின் உட்பக்கம் இப்போது தேய்ந்து, தகடு இரண்டு போதாமல் மூன்று கேட்கிறது. இந்த முறை லேத்திலேயே அளவெடுத்துச் செய்து கால்வனைஸ் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு இஞ்ச் ரேக்கையே முதலில் வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அதை மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.