க்ராஸ்ஓவர்ல கண்டன்சர் மாத்தி மாத்திக் கேட்ட மூணு வருஷம்

காவேரிப்பட்டணத்துல எங்க வீட்டு மாடி ரூமுக்கு மேல சிமெண்ட் ஷீட்டு, சித்திரை மாசம் மத்தியானம் உள்ள உக்காரவே முடியாது. அந்த ரூம்லதான் நானே பிளைவுட் அறுத்து செஞ்ச ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் இருக்கு. கனமான சத்தத்துக்கு 6 இன்ச் வூஃபர், கீச்சு சத்தத்துக்கு 8 ஓம் ட்வீட்டர், ட்வீட்டருக்கு சீரீஸ்ல 4.7 மைக்ரோஃபாரட் நான் போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், வூஃபருக்கு ஒரு காயில், சத்தத்த ரெண்டுக்கும் பிரிச்சுக் கொடுக்கற க்ராஸ்ஓவர் அவ்ளோதான்.

மொத வருஷம் அருமையா பாடுச்சு. ரெண்டாவது கோடை முடிஞ்சப்ப பாடுறவங்க குரல் நடுவுல நிக்காம வலது பக்கமா சாய ஆரம்பிச்சுது, அதுவும் ச, ஸ வர்ற இடத்துல நல்லாவே தெரிஞ்சுது. ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ் திருப்பிப் பாத்தேன், வயர் மாத்திப் பாத்தேன், கடைசில பாக்ஸ் ரெண்டையும் இடம் மாத்தி வெச்சா சாய்வும் கூடவே போகுது. கண்டன்சர கழட்டி மீட்டர்ல வெச்சேன், வலது 4.5, இடது 3.6. எலக்ட்ரோலிட்டிக்குள்ள இருக்கற திரவம் சூட்டுல காயக் காய மதிப்பு இறங்கும். 8 ஓமுக்கு 4.7 போட்டா ட்வீட்டர் 4200 ஹெர்ட்ஸ் பக்கம் பாட ஆரம்பிக்கும், 3.6 ஆயிட்டா அது 5500க்குப் போயிடுது, அப்ப நடுவுல குழி விழத்தானே செய்யும்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற பெங்களூர் எஸ்பி ரோடு போய், பிளாஸ்டிக் பிலிம்ல செய்யற பாலிப்ரொப்பிலீன் ஆடியோ கண்டன்சர் ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன், விலை கொஞ்சம் கைய கடிச்சுது. மாட்டுன அன்னைக்கு எங்க ஊர் கூத்து ரெக்கார்டிங்ல ஜால்ராவும் கால் சலங்கையும் தனித்தனியா உதிருது, அப்டி ஒரு சந்தோஷம் எனக்கு. ஆனா ஒரு வாரம் தொடர்ந்து கேட்டா காது வலிக்குது. காரணம் ஈஎஸ்ஆர்தான், பழைய எலக்ட்ரோலிட்டிக் உள்ளயே ஒரு ஓம் கிட்ட தடை இருந்துச்சு, பிலிம்ல அது இல்லாததால ட்வீட்டர் 1 டெசிபெல் போல ஏறிடுச்சு. 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் சீரீஸ்ல போட்டதும் அடங்கிடுச்சு. புது எலக்ட்ரோலிட்டிக் வாங்கி பக்கத்துல வெச்சுக் கேட்டா ரெண்டுக்கும் வித்தியாசமே பிடிபடல.

அப்பதான் பேன் கண்டன்சர் ஞாபகம் வந்துச்சு. சீலிங் பேனுக்குப் போடுற 2.5 மைக்ரோவும் பாலிப்ரொப்பிலீன் பிலிம்தான், ரெண்ட பேரலல்ல சேத்தா 5. புதுசாதான் வாங்கணும், கழட்டிப் போட்ட பழசு வேண்டாம், மதிப்பு இறங்கியிருக்கும். ஒரு பாக்ஸ் மட்டும் ஓட விட்டு, ஆம்ப ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி எஸ்பி ரோடு கண்டன்சரையும் பேன் கண்டன்சரையும் தம்பி கனெக்டர்ல மாத்திக் கொடுத்தான், நான் திரும்பி உக்காந்து கேட்டேன். பத்து தடவைல அஞ்சுதான் சரியா சொன்னேன், குத்துமதிப்பா சொன்னாலே அவ்ளோ வரும். எஸ்பி ரோடு ஜோடிய அன்னைக்கே கழட்டி டப்பால போட்டுட்டேன்.

பேன் கண்டன்சர் சைஸ் பெருசு, பாக்ஸ்குள்ள ஆடும், கேபிள் டையும் சிலிக்கானும் வெச்சு பலகையோட இறுக்கிடுங்க. சாதா பிளஸ் மைனஸ் எலக்ட்ரோலிட்டிக்க மட்டும் நேரா போட்டுடாதீங்க, வேற வழியே இல்லனா 10 மைக்ரோ ரெண்ட மைனஸோட மைனஸ் சேத்து சீரீஸ்ல போட்டா 5 கிடைக்கும், அதுவும் தற்காலிகத்துக்குத்தான்.

பேன் கண்டன்சர் ஒரு முழு கோடையும் அதே ஷீட்டுக்குக் கீழ ஓடியாச்சு. போன மாசம் கழட்டி அளந்தேன், இடது 4.92, வலது 4.95, குரல் நட்ட நடுவுல நிக்குது.