பழைய ரேடியேட்டரைச் சீரமைப்பதா, அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்துவதா?

பழங்காலக் காரின் எஞ்சின் அடிக்கடி சூடேறும்போது, செம்பும் பித்தளையுமான மூல ரேடியேட்டரைப் பிரித்துச் சீரமைப்பதா, அதைக் கழற்றிவிட்டு அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்துவதா என்ற கேள்வி எழும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு சிறந்தது. ஆயினும் அலுமினியம் எடை குறைந்தது என்பதால், அதில் குழாய்களை அகலமாக அமைத்துக் காற்றுத் தகடுகளோடு ஒட்டும் பரப்பைக் கூட்ட முடிகிறது. ஆகவே நடைமுறையில் அலுமினியம் பின்தங்குவதில்லை.

பழுதுபார்ப்பில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். பித்தளைத் தொட்டியின் ஓரத்தில் பச்சை பூத்து நீர் கசிந்தால், அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். மேல்தொட்டியைக் கழற்றி, அடைத்துக்கொண்ட ஒவ்வொரு குழாயினுள்ளும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, உப்புப் படிவைத் தள்ளிவிட்டு மறுபடியும் இணைக்கலாம். அலுமினியக் குழாய் ஓட்டையானாலோ தேர்ந்த வெல்டர் தேவை. பெரும்பாலும் புதிது வாங்குவதே வழியாகிறது.

ரேடியேட்டரில் ஓடி எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் கவனிக்க வேண்டும். ஈயப் பற்றுள்ள ரேடியேட்டருக்குச் சிலிகேட் கலந்த பழைய வகைக் கூலன்ட்டே பாதுகாப்பானது. அதை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அலுமினியத்துக்கு வெறும் குழாய்நீர் ஆகவே ஆகாது. அரிப்பு விரைவில் தொடங்கிவிடும்.

எஞ்சினின் சக்தி கூட்டப்படாத காருக்கு மூல ரேடியேட்டரே போதும் என்பது என் கருத்து. ஆனால், எதை முடிவு செய்வதற்கு முன்பும், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும், எஞ்சினின் சிலிண்டர் பிளாக்கினுள் படிந்த துருச்சேற்றையும் பார்த்துவிடுவது நல்லது. குற்றவாளி ரேடியேட்டராகவே இல்லாமலும் இருக்கலாம்.