ஓரத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம்: 10-18 லென்ஸோடு ஏழு வருடம்

ரொம்ப அகலமாகப் பிடிக்கும் இந்த லென்ஸால் முதலில் பாதிக்கப்பட்டது எங்கள் பெரியம்மாதான். 2018-இல் வாங்கிய இரண்டாவது வாரமே தங்கையின் வளைகாப்பு வந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹாலிலேயே விழா. பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், அதில் இருபது பேரை நெருக்கி நிறுத்தி, நான் சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு 10 எம்எம்மில் (எண் குறையக் குறையப் படம் அகலம்) ஒன்று அடித்தேன். அத்தனை பேரும் ஃபிரேமுக்குள் அடங்கிவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. ராத்திரி டிவியில் போட்டுக் காட்டும்போதுதான் பார்க்கிறேன், இடது கோடியில் நின்ற பெரியம்மாவை யாரோ தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து வைத்த மாதிரி இருக்கிறது. அவரும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, உன் கண்ணுக்கு நான் கல்யாணப் பூசணிக்காய் மாதிரியா தெரியறேன்?" என்றார். தங்கை சிரித்ததில் விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது.

நான் சொல்வது சோனியின் இ-மவுண்ட் (சோனி கேமராக்களில் மாட்டும் வகை) 10-18 எஃப்4 லென்ஸ். 2012-இல், சோனியின் பழைய நெக்ஸ் வரிசைக் கேமராக்கள் இருந்த காலத்தில் வந்தது. நான் அதை சோனி ஏ6000 கேமராவில் மாட்டி வைத்திருக்கிறேன், அது 2014 மாடல். இரண்டும் பழசு என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். லென்ஸ் 225 கிராம், கேமரா பேட்டரியோடு 344 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. தினமும் கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவனுக்கு, அதுவும் பாதி நாள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகிறவனுக்கு, மற்ற எந்தக் கணக்கையும்விட இதுதான் முதல் கணக்கு. இதற்கு முன்னால் ஒரு பெரிய டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தேன். அது பீரோவில் இருந்தது, அவ்வளவுதான். இது சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், ஒரு சின்னத் துண்டில் சுற்றிக் கிடக்கும். துண்டில் ஒரு நாள் ரசம் வாசனை வந்தது, லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, பெரியம்மாவுக்கு என்ன ஆயிற்று? லென்ஸில் ஏதோ கோளாறு, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த அகல லென்ஸும் ஓரத்தை இழுத்துத்தான் ஆகவேண்டும். சுவரும் உத்தரமும் வளையாமல் வர நாம் கொடுக்கிற விலை அது. கணக்குப் போட்டால், 10 எம்எம்மில் படத்தின் இடது வலது விளிம்பில் ஒரு பந்தை வைத்தால் அது உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 14-இல் 1.3 மடங்கு, 18-இல் 1.2 மடங்கு. நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. கோடு பீப்பாய் மாதிரி வளைவது வேறு சங்கதி, அதை ஜேபெக்கில் கேமராவையே திருத்த வைக்கலாம், ரா (கேமரா திருத்தாமல் விடும் கோப்பு) என்றால் சாஃப்ட்வேரில் இந்த லென்ஸுக்கென்றே திருத்தும் புரொஃபைல் இருக்கிறது. அந்தப் புரொஃபைல் பெரியம்மாவைத் திருத்தாது.

அதிலிருந்து ஓரத்தில் ஆளை நிறுத்துவதில்லை. தூண், கதவு நிலை, வாசலில் கட்டிய வாழைமரம், இப்படி எதையாவது அங்கே வரவைத்துவிடுவேன். ஆள் நின்றே ஆகவேண்டும் என்றால் 16-க்கு மேல் போய்விடுவேன், அல்லது ஒல்லியான பயல்களாகப் பார்த்து நிறுத்துவேன்.

ஆளுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைத்திருந்ததை ஒரு வாடகை அறை கெடுத்தது. பாண்டியில் நண்பர் ஒருவர், தாழ்வாரமும் முற்றமும் உள்ள பழைய வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறார். போட்டோ எடுத்துக் கொடு என்றார். மூலையில் ஒடுங்கி நின்று 10-இல் எடுத்தேன். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி வந்தது, முன்னால் இருந்த கட்டில் படகு நீளத்துக்குப் போனது. நண்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் பெட்டியோடு உள்ளே வந்து, போனில் அந்தப் படத்தைக் காட்டி, "இந்த ரூம் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறது. அவர்கள் நின்றுகொண்டிருந்ததே அந்த ரூமில்தான். மறுபடி போய், நெஞ்சு உயரத்தில் கேமராவைப் பிடித்து, 17-இல் எடுத்துக் கொடுத்தேன். சின்ன அறையாகத்தான் தெரிகிறது, ஆனால் சண்டை இல்லை. அதே வீட்டில் 10-க்கு வேலை இருந்த இடம் முற்றம். நட்டநடுவில் மல்லாந்து படுத்து நேராக மேலே பார்த்து எடுத்தால் நாலு பக்கத்து ஓட்டு விளிம்பும், நடுவில் சதுர வானமும். ஓரத்தில் ஓடு இழுபட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பாண்டி ஒயிட் டவுன் தெருக்கள் இந்த லென்ஸுக்காகவே அளந்து போட்டவை. துய்மா வீதியில் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றால் ஒரு மஞ்சள் வீட்டின் முகப்பு முழுசாக 12-க்குள் வந்துவிடும். ஒரே நிபந்தனை, கேமராவை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. கொஞ்சம் தூக்கினாலும் கட்டடம் மல்லாந்து விழுகிற மாதிரி சாய்ந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தைச் சன்னதித் தெருவில் நின்று எடுக்கும்போது நான் செய்வது இதுதான்: கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஆனால் மட்டமாகவே பிடித்து, 10-இல் எடுப்பேன். கோபுரம் மேல் பாதியில் நேராக நிற்கும், கீழ்ப் பாதி முழுக்கத் தெருவும் பூக்கடையும் நிறுத்தி வைத்த பைக்குகளும். வீட்டுக்கு வந்து கீழே வெட்டிவிடுவேன். 24 மெகாபிக்சலில் பாதி போனாலும் காலண்டர் அளவுக்குத் தாராளம். சாய்வை மாற்ற என்றே இருக்கும் ஷிஃப்ட் லென்ஸ்களின் விலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வெட்டு வலிக்காது. ஏ6000-இல் மட்டம் காட்டும் வசதி கிடையாது, அதனால் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் ஒரு குட்டி ரசமட்டம் செருகி வைத்திருக்கிறேன். கோயில் வாசலில் ஒரு கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, என்னப்பா சுவரா எழுப்பப் போற என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பிடித்த படங்களில் பாதி, கடலூர் பக்கத்து மீனவர் ஊரான தாழங்குடாவில் எடுத்தவை. ஒரு நாள் காலை, மணலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலை பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த இடத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, நைலான் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசியை உள்ளே விட்டு, முடிச்சைப் பல்லால் இறுக்கி, அடுத்த கண். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த லென்ஸ் 25 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், அது சென்சாரிலிருந்து அளப்பது, முன் கண்ணாடியிலிருந்து பார்த்தால் ஒரு சாணுக்கும் குறைவு. ஒன்றரை அடி தள்ளிக் கிடந்த செருப்பின் மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொண்டேன். 10 எம்எம், எஃப்11 (லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி) என்றால் அதன்பிறகு முக்கால் அடியிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவுதான், ஃபோகஸைத் தொடவே வேண்டாம். ஊசி பிடித்த கை முன்னால் நடுவில், அதிலிருந்து வலை விரிந்து விரிந்து பின்னால் போய் ஃபைபர் படகுகள், அப்புறம் ஒரு கோடு கடல். திரையில் காட்டினேன். "என்ன தம்பி, கையை மட்டும் ஐயனார் கை மாதிரி ஆக்கிட்ட?" என்றார். கோபமா என்று பார்த்தேன், இல்லை. பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா என்றார், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த மாதிரி லென்ஸ் வாங்கினால் ஒரு தொல்லை உண்டு. முன் கண்ணாடி எப்போதும் அலைக்குப் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் நாம் பக்கத்தில் போய்க்கொண்டே இருப்போம். கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலைச் சூரியனை எதிரில் வைத்து எஃப்16-இல் எடுத்தால் பதினாலு கதிர் கொண்ட நட்சத்திரம் அழகாக வரும், கூடவே கண்ணாடியில் ஒட்டிய உப்புத் துளி ஒவ்வொன்றும் வெள்ளைப் பொட்டாக வரும். துடைக்கும் முன் ஊதிவிடுங்கள், மணலோடு துடைத்தால் கதை முடிந்தது. இந்த லென்ஸுக்குத் தூசியும் நீரும் புகாத கட்டமைப்பு இல்லை. மூன்றாம் வருடம் ஜூம் வளையம் கரகரவென்றது, என் தப்புதான், மணலில் பையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பயம் வேறு. காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், அதன் நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸாக மாறினால் அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் சூடாக்கித் திரும்ப நீலமாக்கலாம். அரிசி டப்பாவில் வை என்று ஒருவர் யோசனை சொன்னார். அரிசியில் இருக்கிற தூசி போதும் லென்ஸைக் கெடுக்க.

மற்றவை சுருக்கமாக. கேமராவோடு வரும் ஃபிளாஷைத் தூக்கினால் லென்ஸின் நிழலே கீழே அரை வட்டமாக விழும், மறந்துவிடுங்கள். போலரைசர் (வானத்தைக் கருநீலமாக்கும் ஃபில்டர்) மாட்டினால் 10-இல் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு வரும். சாயங்காலம் பாண்டி பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திய பிறகு, காந்தி சிலைப் பக்கம் கையில் பிடித்தே எட்டில் ஒரு விநாடி எடுக்கலாம், லென்ஸுக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஎஸ்எஸ் புண்ணியம். இதனால்தான் 2022-இல் வந்த சோனியின் 10-20 பவர் ஜூமுக்கு நான் மாறவில்லை. 178 கிராம்தான், ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் ஓஎஸ்எஸ் இல்லை, என் கேமரா உடலிலும் அந்த வசதி இல்லை. டாம்ரான் 11-20 எஃப்2.8-க்கும் அதே கதை, எடையும் 335 கிராம். "போனிலேயே 0.5 அகலக் கேமரா இருக்கே" என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் பல போன்களில் அது 13 எம்எம்முக்குச் சமம், என்னுடையது 15-க்குச் சமம், அகலத்தில் போன்தான் ஜெயிக்கும். வெளிச்சம் குறைந்ததும் போன் படத்தின் மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

போன தை மாதம் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டோம். முடிந்ததும் மலைப் படிக்கட்டில் எல்லோரையும் நிறுத்தினேன். நான் கேமராவை எடுத்ததுமே பெரியம்மா, "அந்த இழுக்கிற லென்ஸாடா?" என்றார். ஆமா பெரியம்மா என்றேன். விறுவிறுவென்று வந்து மொட்டைத் தலைக்குப் பக்கத்தில், சரியாக நட்டநடுவில் நின்றுகொண்டார். அப்புறம் பெரியப்பாவைத் தேடிப் பிடித்து, "நீங்க அந்தக் கோடிக்குப் போங்க, எலும்பும் தோலுமா இருக்கீங்க, கொஞ்சம் சதை போட்ட மாதிரி தெரியும்" என்று தள்ளிவிட்டார்.

14-இல் எடுத்தேன். பெரியப்பா நன்றாகத்தான் வந்திருக்கிறார்.